எந்தத் தோட்டாவுக்கும் ஓடும் ரைஃபிள்

துப்பாக்கி ரிப்பேர் தொழிலில் வாடிக்கையாளர் திரும்பி வந்து சத்தம் போட்டால் நிம்மதி. வராமல் போனால்தான் கவலை. மிக்ஸி, தையல் மெஷின், செல்போன் ரிப்பேர் செய்கிறவர்களுக்கும் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் யோகம் உண்டு. அவர்களெல்லாம் இதைப் படிக்கும்போது தலையாட்டுவார்கள் என்று தெரியும். ஆனால் என் பெஞ்சிலிருந்து போகிற சாமானில் தப்பு இருந்தால் சட்னி அரைபடாமல் போவதோடு விஷயம் முடியாது. அதைக் கன்னத்தோடு அணைத்துச் சுடுகிற ஆளுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இருக்கும் ஒரே பயம் அதுதான்.

செகந்திராபாத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கடையும் லைசென்ஸும் முதலாளி கரீம் சாபுடையவை. ஸ்பிரிங்கும் அரமும் என்னுடையவை. அதற்கு முன் சனத்நகரில் ஒரு கம்பெனியில் ஸ்பிரிங் சோதிக்கும் வேலை பார்த்தேன். இங்கே எனக்கு அதிகம் வருவது பாயிண்ட் டூ டூ செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள். ஒரு தோட்டா வெடித்ததும் அதன் உதையிலேயே போல்ட் என்கிற இரும்புத் துண்டு பின்னால் ஓடிக் காலிக் கூட்டை வெளியே எறிய வேண்டும். ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும்போது, போகிற போக்கில் அடுத்த தோட்டாவை உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். தோட்டா சோப்ளாங்கியாக இருந்தால் போல்ட் பாதி வழியிலேயே நின்றுவிடும். முரட்டுத் தோட்டாவாக இருந்தால் துப்பாக்கிக்குள்ளேயே பின்சுவரில் போய் இடிக்கும்.

மற்ற தேசங்களில் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா பிடிக்குமோ அதை வாங்குவார்களாம். நமக்கு வருஷத்துக்கு இத்தனை என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். அதிலும் கடையில் அன்றைக்கு எது வந்திருக்கிறதோ அதுதான் கிடைக்கும். அதனால் இங்கே ரைஃபிள்தான் அமீர்பேட் ஹாஸ்டலில் சேர்ந்த பிள்ளை மாதிரி போட்டதைச் சாப்பிடப் பழக வேண்டும். பழக்குவது என் வேலை.

மெக்கானிக்கைக் கூப்பிடும்மா

மேஜர் தனபால் முதல் தடவை வந்தது ஒரு ஜூலை மாதம். குடியாத்தத்துக்காரர். ராணுவத்தில் சர்வீஸ் முழுக்க அரிசி பருப்பு சப்ளைப் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு அல்வாலில் வீடு கட்டிக்கொண்டவர். பின்கட்டுக்குள் வந்து என்னைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், "மெக்கானிக்கைக் கூப்பிடும்மா" என்றார். நான்தான் சார் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ரைஃபிளை என்னிடம் கொடுப்பதா, திரும்ப எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று கை முன்னும் பின்னும் போயிற்று. அப்புறம் ஒருவழியாகக் கொடுத்தார்.

பத்து தோட்டாவுக்கு மூன்று தடவை சிக்கிக்கொள்கிறது என்பது புகார். என்ன தோட்டா போடுகிறீர்கள் என்று கேட்டேன். "வெளிநாட்டுத் தோட்டா மட்டும்தான். நாட்டுத் தோட்டாவை இது மோந்துகூடப் பார்த்ததில்லை" என்றார். திறந்து பார்த்தால் உள்ளே நாட்டுத் தோட்டாவின் மெழுகும் கரியும் ஒரு விரல் மொத்தத்துக்கு அப்பியிருந்தது. அதைச் சுரண்டிக் காகிதத்தில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். பிறகு அவரையும் உட்காரவைத்து, வலு குறைந்த தோட்டாவுக்கும் கூடு வெளியே வரும்படி ஸ்பிரிங்கை மாற்றினேன். மணல் நிரப்பிய நீளக் குழாய்க்குள் சுட்டுப் பார்த்ததில் கூடுகள் இரண்டடி தள்ளி விழுந்தன. நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். மேஜர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு டப்பா நாட்டுத் தோட்டா போட்டது நெஜம்தான்மா. ஸ்வீட் சாப்பிட்டதை டாக்டர்கிட்ட சொல்லவா செய்யறோம்?"

கல்யாணத்துக்கு ஒரு விண்ணப்பம்

கொம்பள்ளிப் பக்கம் ப்ளாட் போட்டு விற்கிற ஒருவர், கையில் நாலு மோதிரம், கழுத்தில் ஒரு சங்கிலி. பழைய ரைஃபிள், சரியான லைசென்ஸ், எல்லாம் ஒழுங்கு. எந்தத் தோட்டாவுக்கும் சிக்காமல் ஓட வேண்டும் என்றார். ஆகட்டும் என்றேன். அப்புறம் பெஞ்ச் மேல் குனிந்து, ஏதோ ஜோசியம் கேட்கிற மாதிரி மெல்லிய குரலில், ஒரு தடவை விசையை அழுத்தினால் மொத்தமும் தானாகப் போகிற மாதிரி செய்து தர முடியுமா என்றார். என் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்துவிட்டது. அது ஜெயில் சமாசாரம், அவருக்கும் எனக்கும் சேர்த்து. நான் வாய் திறப்பதற்குள் முன்கட்டிலிருந்து கரீம் சாப் வந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது மனிதர் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. "நக்கோ! நக்கோ ஜி! வெளியே!" என்று ரைஃபிளையும் லைசென்ஸையும் அவர் கையில் திணித்து வாசலைக் காட்டினார்.

அந்த மனிதருக்குக் கொஞ்சமாவது உறைத்ததா என்றால், இல்லை. வாசல்படியில் நின்று, மனம் புண்பட்ட முகத்தோடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்:

"தம்பி கல்யாண பாராத் ஊர்வலத்துல வானத்தைப் பார்த்துத்தானே சுடப்போறேன் மேடம், வானத்துல யார் இருக்காங்க?"

குங்குமப் பொட்டு வைத்த ரைஃபிள்

தசரா முடிந்த நாலாம் நாள் மேஜர் ரைஃபிளோடு வந்தார். மறுபடி சிக்குகிறதாம். பெட்டியைத் திறந்ததும் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். சந்தன வாடை. போல்ட் மேல் ஒன்பது குங்குமப் பொட்டு. குழல் நுனியில் மஞ்சள். எலுமிச்சம்பழத்தை மேலேயே நறுக்கியிருப்பார்கள் போல, இரும்பு துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. தோட்டா அடுக்குகிற மேகசினைக் கவிழ்த்துத் தட்டினேன். தோட்டாவோடு ஒரு சாமந்தி இதழும் வந்து விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், தோட்டா போகிற வழியில் பூ போய்ப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கன்னம் பதிகிற மரக்கட்டையின் வலது பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பொடி அப்பியிருந்தது. விபூதிப் பட்டை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் போட்டேன். விபூதிக்கு அத்தனை வாசனை ஏது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. எல்லாவற்றையும் கழுவித் துருவை எடுத்து, கூட்டைப் பிடித்து இழுக்கிற சின்னக் கொக்கியைப் புதிதாகப் போட்டேன். இப்போது கூடுகள் நாலடி தள்ளிப் போய் விழுந்தன. எனக்குப் பெருமை. நோட்டில் நாலடி என்று எழுதி அடியில் கோடு போட்டேன். இனிமேல் பூஜையென்றால் பெட்டிக்கு மேலேயே பொட்டு வையுங்கள் சார், உள்ளே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மேஜருக்குக் கோபம் வந்துவிட்டது:

"அருவாமணைக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வெச்சுட்டு இதை விட்டா, இதுக்கு மனசு கஷ்டப்படாதாம்மா?"

குளவி

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீசில் ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அப்படித் திரும்ப வாங்கிய கையோடு நேராக என்னிடம் வந்தார் ஒரு மாந்தோப்பு ரெட்டிகாரு. போல்ட் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் மட்டும் போட்டுக் கொடுங்கள், சாயங்காலம் தோப்பில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எந்தத் துப்பாக்கி வந்தாலும் நான் முதலில் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பேன். அது பல் தேய்க்கிற மாதிரி ஒரு பழக்கம். அன்றைக்கு வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. கம்பியை விட்டுத் தள்ளினேன். நடுக்குழலிலிருந்து பஞ்சு வந்தது. அதன் பின்னாலும் பஞ்சு, வேப்பெண்ணெயில் நனைத்துத் திணித்த பஞ்சு, அரை முழத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

சுட்டிருந்தால் குழல் வெடித்து முகத்தில் வந்திருக்கும். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒப்படைப்பதற்கு முன்னால் அவரே திணித்தாராம், இரண்டு மாதம் சும்மா இருந்தால் குளவி கூடு கட்டிவிடுமே என்று. பிறகு மறந்துபோய்விட்டார். அவர் அந்தப் பஞ்சை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்:

"பாருங்க மேடம், ஒரு குளவிகூட உள்ள போகல."

டிசம்பர் மாதத்துத் தேங்காயெண்ணெய்

மேஜர் டிசம்பரில் மூன்றாம் தடவை வந்தார். இந்தத் தடவை புகார் விநோதமாக இருந்தது. மத்தியானம் சுட்டால் ஓடுகிறது, காலையில் சுட்டால் சிக்குகிறது. ஜாதகம் பார்க்கிற மாதிரி நேரமெல்லாம் குறித்துவைத்திருந்தார். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான் கடை திறந்து பெஞ்சுக்கு வருகிற நேரத்துக்கு வெயில் ஏறிவிடும், ரைஃபிளும் ஒழுங்காக ஓடும். நாலாம் நாள் விடிந்ததும் வந்து திறந்தேன். போல்ட் ஓடுகிற தடம் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தால், தேங்காயெண்ணெய்.

துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய்! நான் கொடுத்த எண்ணெய் நாற்றமடிக்கிறது என்று வீட்டில் சொன்னார்களாம். நவம்பர் வரை ஒன்றும் தெரியவில்லை. டிசம்பர்க் குளிரில் அது உறைந்து, போல்ட்டைக் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்திருக்கிறது. யார் சார் வீட்டில் சொன்னது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுத்தம் செய்து, தடத்தை இழைத்து, இன்னும் லேசாக ஓடும்படி செய்தேன். கூடுகள் ஆறடி போயின. மேஜர் உறைந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஏதோ சொந்த ஊரே அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி:

"குடியாத்தத்துல நான் பொறந்ததுலருந்து இது உறைஞ்சதே இல்லம்மா!"

ஆறு டப்பா

பொங்கல் முடிந்ததும் மேஜர் ஒரு பையில் ஆறு டப்பா தோட்டாக்களைக் கொண்டுவந்து பெஞ்சில் அடுக்கினார். ஆறும் ஆறு விதம். அவருடைய கிளப்பில் ஒரு போட்டி நடக்கப்போகிறது. ஐந்து இரும்புத் தட்டுகளைச் சுட்டுச் சாய்க்க வேண்டும், குறைந்த நேரத்தில் சாய்ப்பவருக்குக் கோப்பை. ஆனால் தோட்டா கையோடு கொண்டுபோகக் கூடாது. அன்றைக்குக் கிளப்பில் என்ன இருக்கிறதோ அதை மைதானத்தில் கொடுப்பார்கள். ஒரு தடவை சிக்கினாலும் அவ்வளவுதான். "எதைப் போட்டாலும் ஓடணும்மா" என்றார். அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. இந்த வயதில் கோப்பைக்கு இத்தனை ஆசையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று வாரம் அந்த ரைஃபிளோடு மல்லுக்கட்டினேன். சோப்ளாங்கித் தோட்டாவுக்கு ஸ்பிரிங்கை இளக்கினால் முரட்டுத் தோட்டா போல்ட்டைப் பின்சுவரில் அறைந்தது. அதற்கு ஒரு ரப்பர் மெத்தை வைத்தேன். மெத்தை வைத்தால் மூன்றாம் ரகம் சிக்கியது. மேகசின் உதட்டை நெளித்தேன், தோட்டா ஏறுகிற சரிவை மெருகேற்றினேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட எத்தனையாவது என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு ரகத்தையும் கலந்து போட்டுச் சுட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. முரட்டு ரகத்தின் கூடுகள் எட்டடி பறந்து போய் அலமாரித் தகரத்தில் டங் டங்கென்று அடித்தன. கூடு வெளியே வருகிற ஜன்னல் வழியாகப் புகையும் ஒன்றிரண்டு மருந்துத் துணுக்கும் கூடவே தெறித்தன. தெறிக்கட்டும், எல்லாம் வலது பக்கம்தானே போகிறது, சுடுபவரின் முகம் இடது பக்கத்தில் அல்லவா இருக்கும் என்று விட்டுவிட்டேன். சத்தம் கேட்டு வந்த கரீம் சாப் தகரத்தில் விழுந்த பள்ளங்களைத் தடவிப் பார்த்தார்:

"ரைஃபிள் ஜோராதான் ஓடுது. எதுக்கு அம்மா இத்தனை கோவமா துப்புது?"

மைதானத்தில்

போட்டிக்கு மேஜர் என்னையும் அழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே கிளப் மைதானம். வாசலில் "கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்" என்று ஒரு போர்டு. ஹெல்மெட் போர்டை நம் ஊரில் எப்படி மதிக்கிறார்களோ அதே மரியாதைதான் அதற்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் மேஜர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைக்கில் "நிவேதிதா தனபால்" என்று கூப்பிட்டார்கள். யார் சார் என்றேன். "என் பொண்ணும்மா. பி.டெக் மூணாவது வருஷம். அவதானே சுடறா" என்றார், எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம் மாதிரி. லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தாலும், கிளப்பில் அவர் கூட நிற்கப் பிள்ளை சுடுவதை அனுமதித்திருந்தார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. அந்தப் பெண் பாதுகாப்புக் கண்ணாடியைத் தலைமுடிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். ரைஃபிளை எடுத்தாள். இடது தோளில் வைத்தாள்.

இடது தோளில் வைத்தால் முகம் கட்டையின் வலது பக்கம் வரும். நான் ஏழு மாதமாக எந்தப் பக்கம் கூடும் புகையும் தெறிக்க வைத்துக்கொண்டிருந்தேனோ, அந்த ஜன்னலுக்கு நேர் பின்னால் அவள் முகம் இருந்தது. முதல் வெடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, கிளப்பில் அன்றைக்குக் கொடுத்தது ஆறில் முரட்டு ரகம். எல்லோரும் தட்டுகள் சாய்வதைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் மட்டும் துப்பாக்கியைப் பார்த்தேன். மூன்றாவது வெடியில் அவள் தலை வெடுக்கென்று ஒதுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. மைதானத்தில் பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "நிறுத்து! கீழ வை! கீழ வை!" என்று அலறினேன்.

விசில் ஊதினார்கள். மைதானம் முழுக்க நின்றுபோனது. அதற்குள் ஐந்து தோட்டாவும் போய், ஐந்து தட்டும் சாய்ந்திருந்தன. ரைஃபிளை வாங்கிப் பத்திரமாக வைத்ததும் நான் ஓடினேன். அவள் வலது கண் சிவந்து, நீர் கொட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் புதிதாக நாலைந்து கறுப்புப் புள்ளிகள். கண்ணீர் வழிந்த இடத்தில் முகப்பவுடர் கரைந்து, அதன் அடியில் பழைய புள்ளிகள் தெரிந்தன. சில ஆறியிருந்தன, சில ஆறவில்லை. தசராவுக்கு நான் விபூதி என்று துடைத்துப் போட்ட வெள்ளைப் பொடி இதுதான். புள்ளிகளை மறைக்க முகம் முழுக்க அப்பிய பவுடர், கட்டையின் வலது பக்கத்தில், இவள் இடது கன்னம் பதிந்து பதிந்து ஒட்டியது. தமிழில் பேசினால் புரிந்துகொண்டு வேறு எதிலாவது பதில் சொல்லுகிற செகந்திராபாத் பிள்ளை அவள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லையே, எதற்குக் கத்தினீர்கள் என்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தெலுங்கில் என் மேல் பாய்ந்தாள்:

"ஆன்ட்டி, ரைஃபிள் பர்ஃபெக்ட்டா ரன் அயிந்தி, ஒக்க ஜாம் லேது! எந்துகு அரிச்சாரு?"

காரில்

கண் ஆஸ்பத்திரிக்கு மேஜர்தான் ஓட்டினார். பின்சீட்டில் அவள் கண்ணைக் கசக்காதபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு இத்தனை மாதம் மறைத்தாய் என்று கேட்டேன். முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அன்றைக்கே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அம்மா போட்ட நிபந்தனையாம். அதற்காகப் பவுடர். அதற்காகத்தான் அப்பாவிடமும் சொல்லவில்லை. தேங்காயெண்ணெய் போட்டதும் இவள்தான், என் எண்ணெய் தெறித்தால் கன்னத்தில் எரிகிறதென்று. அவள் சொல்லச் சொல்ல என் நோட்டு கண் முன்னால் வந்தது. இரண்டடி, நாலடி, ஆறடி, எட்டடி. அடியில் கோடு வேறு. ஒவ்வொரு தடவையும் இந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பலமாக எறிந்திருக்கிறேன், அதற்குப் பெருமையும் பட்டிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். முன்சீட்டைப் பார்த்துக் கத்தினேன். "என்ன தோட்டான்னு பொய் சொன்னீங்க, பூஜை பண்ணதைச் சொல்லல, எண்ணெயைச் சொல்லல, எல்லாத்தையும் கண்டுபிடிச்சேன். பொண்ணுதான் சுடறா, இடது கைக்காரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?" மேஜர் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். அவர் வாதாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியில் என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

"நீ அதைக் கேக்கவே இல்லையேம்மா."

ஆறில் நாலு

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் மேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கண்ணின் வெள்ளையிலிருந்து இரண்டு துணுக்கு எடுத்தார்கள். கருவிழிக்கு ஒரு எள் தள்ளிப் பட்டிருக்கிறது, பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதாக மேஜர் அன்று மாலை போனில் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பதினெட்டு நாள் யாரும் வரவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. கட்டுப் பிரித்தார்களா, சீழ் வைத்ததா, அந்த அம்மா என்ன சொன்னாள், எதுவும் தெரியாது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கரீம் சாப் கவுன்டரில் வாடிக்கையாளர் நிரப்புகிற காகிதத்தில் தோட்டாவுக்கும் மேலே முதல் கேள்வியாக "சுடுவது யார், எந்தத் தோள்?" என்று எழுதிப் புதிதாக அச்சடித்து வைத்தார்.

கிளப்பிலிருந்து கடைக்கு வந்து சேர்ந்த ரைஃபிளை அந்த நாட்களில்தான் திரும்பப் பிரித்தேன். வலுவான ஸ்பிரிங் போட்டு வேகத்தைக் குறைத்தேன். கூடும் புகையும் முன்பக்கமாகத் திரும்பிப் போகும்படி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தகட்டு மறைப்பு வைத்தேன். பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு சங்கிலியில் கோத்துப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டேன், அதைக் கழற்றிக் கையில் எடுக்காமல் ரைஃபிளை எடுக்க முடியாதபடி. இத்தனையும் செய்த பிறகு, வலு குறைந்த இரண்டு ரகத் தோட்டா அதில் ஓடவில்லை. என் வாழ்நாளில் நான் பெருமைப்பட்ட ஒரே ரைஃபிளை என் கையாலேயே கெடுத்து வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் பின்கட்டுக் கதவு படாரென்று திறந்தது. நிவேதிதா. பின்னால் மேஜர், பூனை மாதிரி. பவுடர் இல்லாத முகம், புள்ளிகள் மங்கியிருந்தன. வீட்டில் பதினெட்டு நாள் யுத்தம் நடந்து, அம்மாவே வந்து பக்கத்தில் உட்காருவது என்ற நிபந்தனையில் சமாதானமாகியிருக்கிறது. அது முடிகிறவரை என் போனை எடுக்கக் கூடாதென்று அந்த அம்மாவின் உத்தரவாம். நான் அலறியதால் அந்தச் சுற்றைச் செல்லாது என்று அடித்துவிட்டார்களாம், கோப்பை வேறு யாருக்கோ போயிற்றாம். அதைச் சொல்லி முடித்துவிட்டு மணல் குழாயில் ரைஃபிளைச் சோதித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் சோதித்தாள், வேறு வழி இல்லை. ஐந்தாவது டப்பாவில் சிக்கியது. ஆறாவதிலும் சிக்கியது. அவள் கண்ணாடியைக் கழற்றி, என்னை நேருக்கு நேர் முறைத்து, அப்பாவே திரும்பிப் பார்க்கும்படி சுத்தமான தமிழில் கத்தினாள்:

"போங்க ஆன்ட்டி! ஆறும் ஓடிட்டிருந்தது, இப்ப நாலுதான் ஓடுது. என் ரைஃபிளையே கெடுத்துட்டீங்க!"

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: திட்ட வந்த வாடிக்கையாளர் இரண்டு கண்ணாலும் முறைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் ஸ்பிரிங் மாற்றுகிற வேலை.